கேமராவில் விழும் புள்ளி துளியின் அளவுதானா?

உங்கள் கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அறையில் ஈரப்பதம் கூட்டும் அல்ட்ராசானிக் கருவியின் மிஸ்ட்டை மூடிய கண்ணாடிப் பெட்டியில் அடைத்து, ஓட்டம் அடங்கியபின் பச்சை லேசர் ஒளியில் படம் எடுத்திருக்கிறீர்கள். இறுதியாண்டு ப்ராஜெக்ட். 24 மெகாபிக்சல் கேமரா, பொருளை அதே அளவில் சென்சாரில் விழவைக்கும் 1:1 மேக்ரோ லென்ஸ், எஃப் 11 (லென்ஸ் துளையின் அளவைச் சொல்லும் எண், எண் கூடினால் துளை சிறிது). கறுப்புப் பின்னணியில் பளிச்சென்று புள்ளிகள் கிடைத்தன, ஒவ்வொன்றும் சுமார் 7 பிக்சல் அகலம். ஒரு பிக்சல் 3.9 மைக்ரான் (மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதனால் துளி 27 மைக்ரான் என்று கணக்குப் போட்டீர்கள். கருவியின் பெட்டியிலோ 5 மைக்ரானுக்கும் குறைவு என்று அச்சிட்டிருக்கிறது. யார் சொல்வது சரி, இதே அமைப்பை வைத்து அறைத் தூசியின் பி.எம். 2.5-ஐ, அதாவது 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்துகள்களின் அளவை, அளக்கலாமா என்று கேட்கிறீர்கள். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி. படத்தில் விழும் புள்ளியின் அகலத்தைத் துகளின் அகலம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

உங்கள் படத்தைப் பொறுத்தவரை கூடாது. இதை உறுதியாகவே சொல்கிறேன். எவ்வளவு சின்ன ஒளிப்புள்ளியாக இருந்தாலும், லென்ஸின் துளை வழியே வரும்போது விளிம்பு விளைவால், அதாவது துளையின் விளிம்பில் ஒளி வளைவதால், ஒரு சிறு வட்டமாகப் பரவித்தான் சென்சாரில் விழும். 1835-ல் ஜார்ஜ் ஏரி இதைக் கணக்கிட்டுக் காட்டியதால் ஏரி வட்டு என்பார்கள். அதன் விட்டம் தெரிய வேண்டுமானால் 2.44, ஒன்றுடன் உருப்பெருக்கத்தைக் கூட்டிய எண், எஃப் எண், ஒளியின் அலைநீளம், நான்கையும் பெருக்க வேண்டும். பச்சை லேசரின் அலைநீளம் 0.532 மைக்ரான். 1:1 என்பதால் ஒன்றும் ஒன்றும் இரண்டு. 2.44 × 2 × 11 × 0.532 போட்டுப் பாருங்கள், 28.6 மைக்ரான் வரும். உங்கள் புள்ளி 27. அந்தப் பெட்டிக்குள் 1 மைக்ரான் துளி இருந்திருந்தாலும், 5 மைக்ரான் துளி இருந்திருந்தாலும் ஏறக்குறைய இதே 7 பிக்சல்தான் விழுந்திருக்கும்.

என் கணக்கை நம்ப வேண்டாம், நீங்களே சோதித்துப் பார்த்துவிடலாம். வேறு எதையும் மாற்றாமல் எஃப் 5.6-க்கு வாருங்கள். புள்ளிகள் பாதியாக, 4 பிக்சல் அளவுக்குச் சுருங்கினால் நீங்கள் அளந்துகொண்டிருப்பது லென்ஸைத்தான். துளிக்கு உங்கள் எஃப் எண் தெரியாது. இதைச் செய்யும்போது இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். துளையை இரண்டு படி திறந்தால் ஒளி நான்கு மடங்கு வரும், அதுவும் நான்கில் ஒரு பங்கு பரப்பில் குவியும். ஆகப் புள்ளியின் நடுவில் பிரகாசம் 16 மடங்கு ஏறும். கேமராவின் ஒளி உணர்திறனை, அதாவது ஐ.எஸ்.ஓ.வைக் குறைத்து அதை ஈடுகட்டாவிட்டால் புள்ளிகள் வெளுத்துப் போய் ஊதிப் பெருத்துத் தெரியும், சோதனை பாழாகும். அப்புறம், சில நிறுவனங்களின் கேமராக்கள் மிக நெருக்கத்தில் ஃபோகஸ் செய்யும்போது, அந்த நெருக்கத்தால் கூடிவிட்ட, உண்மையில் செயல்படும் எஃப் எண்ணையே திரையில் காட்டும். உங்களுடையது அப்படியானால் அந்த இரண்டால் பெருக்கும் வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது, மறுபடி பெருக்கக் கூடாது.

வெளுத்துப் போவதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். "எல்லாப் புள்ளியும் ஒரே அளவில் இல்லையே, சில பெரிதாக இருக்கின்றனவே, அவை பெரிய துளிகள்தானே" என்று கேட்கத் தோன்றும். இரவு வானத்தைப் படம் எடுத்தால் சிரியஸ் மற்ற நட்சத்திரங்களைவிடப் பெரிய வட்டமாக விழும். அதன் அகலத்தை எந்தக் கேமரா லென்ஸும் பிரித்துப் பார்த்துவிடவில்லை. வெளிச்சம் அதிகம் என்பதால் ஏரி வட்டின் மங்கலான ஓரங்களும் படத்தில் பதிகின்றன, அவ்வளவுதான். துளிகளிலும் அப்படியே. பெரிய துளி அதிக ஒளியைச் சிதறடிக்கும் என்பதால் பெரிய புள்ளிக்கும் பெரிய துளிக்கும் ஓரளவு தொடர்பு உண்டு. ஆனால் லேசர் கற்றையின் நடுவில் இருக்கும் சின்னத் துளி, ஓரத்தில் இருக்கும் பெரிய துளியைவிடப் பளிச்சென்று தெரியக்கூடும். அந்தத் தொடர்பை அளவாக மாற்ற இந்த அமைப்பில் வழியில்லை.

நான் எஞ்சின் தெளிப்பான்களை ஆராயும் ஆய்வகங்களில் பதினான்கு வருடம் வேலை பார்த்தவள். சேர்ந்த இரண்டாம் வருடம் இதே இடத்தில் நானும் நின்றேன். தெளிப்பானின் அழுத்தத்தை மூன்று நிலைகளில் வைத்து, லேசர் தகட்டொளியில் (தகடுபோல் மெல்லியதாக விரித்த லேசர் ஒளி) படம் எடுத்து, சராசரி அளவு மூன்றிலும் 18 மைக்ரான் என்று வரைபடம் போட்டு எங்கள் மூத்தவரிடம் கொண்டுபோனேன். அவர் கொஞ்ச நேரம் அந்தத் தட்டையான கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்மா, அழுத்தம் மூணு மடங்கு ஏறியிருக்கு, துளி மட்டும் அப்படியேவா இருக்கு?" என்றார். எழுந்து வந்து லென்ஸின் துளை வளையத்தை இரண்டு படி திருப்பிவிட்டு, மறுபடி எடுக்கச் சொன்னார். எல்லா எண்ணும் ஏறக்குறைய பாதியானது. "இப்ப இதுல எது துளி?" என்று கேட்டார். மூன்று வாரத் தரவை ஒதுக்கி வைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். அன்றிலிருந்து எந்தப் படத்தில் துகளை அளந்தாலும், அளக்கும் பொருளை மாற்றினால் எண் மாறுகிறதா, கருவியை மாற்றினால் எண் மாறாமல் இருக்கிறதா என்ற இரண்டையும் பார்க்காமல் நான் நம்புவதில்லை.

சரி, உங்கள் மிஸ்ட் துளி உண்மையில் எவ்வளவு இருக்கும்? இந்தக் கருவிகளில் பெரும்பாலும் 1.7 மெகாஹெர்ட்ஸில் அதிரும் பீங்கான் தட்டு இருக்கும். நீரின் பரப்பில் மிக நுண்ணிய அலைகள் எழுந்து, அலையின் உச்சி அறுந்து துளியாகிறது. லாங் என்பவர் 1962-ல், துளியின் விட்டம் அந்த அலைநீளத்தில் சுமார் 0.34 பங்கு என்று சோதனையில் கண்டார். நீரின் பரப்பு இழுவிசையைப் போட்டுக் கணக்கிட்டால் 1.7 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறக்குறைய 3 மைக்ரான் வருகிறது. துளிகள் ஒன்றோடொன்று மோதிச் சேர்வதால் பெட்டிக்குள் இதைவிடக் கொஞ்சம் பெரிதாகவும் இருக்கும். ஆக, பெட்டியில் அச்சிட்ட எண் நம்பத் தகுந்ததே. ஆனாலும் இது கணக்கு. உங்கள் கருவியின் துளியை நீங்கள் அளந்ததாகாது. ப்ராஜெக்ட்டுக்கு அளந்த எண்தான் வேண்டும்.

கேமராவால் துளியின் அகலத்தை நேரடியாக அளக்க ஒரு நல்ல வழி உண்டு, நிழல் முறை. லேசரை எடுத்துவிட்டு, கேமராவுக்கு எதிரே ஒரு எல்.இ.டி. விளக்கும் அதன் முன் ஒரு பால் வெள்ளை அக்ரிலிக் தகடும் வையுங்கள். பின்னணி வெளுப்பாகவும் துளி கறுப்பாகவும் விழும். இங்கே நீங்கள் அளப்பது துளி மறைத்த பரப்பை. அதனால் துளியின் பிரகாசம் என்ற தொல்லை போய்விடுகிறது. பின்னணியின் வெளுப்புக்கும் நிழலின் கறுப்புக்கும் சரிபாதியில் இருக்கும் கோட்டை விளிம்பாக எடுத்துக்கொள்வது வழக்கம். ஆனால் லென்ஸின் மங்கல் இங்கேயும் விடாது. எஃப் 4-ல் வைத்தாலும் 1:1-ல் ஏரி வட்டு ஏறக்குறைய 11 மைக்ரான். மங்கலின் அகலத்தைப்போல் மூன்று மடங்காவது இருந்தால்தான் நான் அந்த அளவை நம்புவேன். அதாவது உங்கள் லென்ஸில் 30 மைக்ரானுக்கு மேல். பூச்சிமருந்துத் தெளிப்பான், பெயின்ட் துப்பாக்கியின் பெரிய துளிகள், பெரிய மகரந்தம் இவற்றுக்கு இது அருமையாக உதவும். உங்கள் மிஸ்ட்டுக்கு உதவாது.

நிழல் முறையில் இறங்குகிறவர்களுக்கு மூன்று எச்சரிக்கைகள். முதலாவது, வேகம். கேமரா ஃபிளாஷைக் குறைந்த சக்தியில் வைத்தால் வெளிச்சம் நொடியில் 20,000-ல் ஒரு பங்கு நேரம் நீடிக்கும். கேட்க மிகக் குறைவாகத் தோன்றும். ஆனால் நொடிக்கு 1 மீட்டர் போகும் துளி அதற்குள் 50 மைக்ரான் நகர்ந்துவிடும், 30 மைக்ரான் துளி குச்சியாகத் தெரியும். அதனால்தான் ஆய்வகங்களில் எல்.இ.டி.யை ஒரு மைக்ரோநொடிக்கு மட்டும் துடிக்க விடுகிறோம். இரண்டாவது, அளவுகோல். லென்ஸில் 1:1 என்று எழுதியிருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். மோட்டார் காயில் கட்டும் கடையில் மெல்லிய தாமிரக் கம்பி ஒரு துண்டு வாங்கி, திருகு அளவியால் விட்டத்தை அளந்துவிட்டு, துளிகள் இருக்கும் அதே தளத்தில் தொங்கவிட்டுப் படம் எடுங்கள். 40 கேஜ் கம்பியின் தாமிரம் 0.122 மி.மீ., மேலே எனாமல் பூச்சு கொஞ்சம் கூட்டும், அதனால் அளந்தே பாருங்கள். தலைமுடியையும் பயன்படுத்தலாம், பெரும்பாலும் 50 முதல் 100 மைக்ரான் இருக்கும், ஆனால் அது சரியான வட்டமாக இருக்காது. நுண்ணோக்கிக்கான கண்ணாடி அளவுகோல் கல்லூரி இயற்பியல் கூடத்தில் இருந்தால் அதுவே சிறந்தது.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் நன்றாக எடுத்த படங்களிலும் இது ஒளிந்திருக்கும். ஃபோகஸுக்கு முன்னும் பின்னும் இருக்கும் துளிகளும் படத்தில் விழும், விளிம்பு கரைந்து, வெளிறி, உண்மையைவிட அகலமாக. அவற்றை விளிம்பின் கூர்மையைப் பார்த்து ஒதுக்கிவிடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் 100 மைக்ரான் துளி ஃபோகஸிலிருந்து கணிசமாகத் தள்ளி இருந்தாலும் கூர்மையாகத் தெரியும், 30 மைக்ரான் துளி கொஞ்சம் தள்ளினாலே கரைந்து காணாமல் போகும். ஆகப் பெரிய துளிகளை ஆழமான ஒரு பெட்டியிலிருந்து எண்ணுகிறீர்கள், சின்னத் துளிகளை மெல்லிய தகட்டிலிருந்து எண்ணுகிறீர்கள். இதைச் சரிசெய்யாமல் சராசரி போட்டால் அது எப்போதும் பெரிய பக்கம் சாயும். சரிசெய்யும் வழி எளிது, பொறுமைதான் வேண்டும். தெரிந்த விட்டமுள்ள புள்ளிகள் அச்சிட்ட கண்ணாடியைத் திருகு மேடையில் வைத்து முன்னும் பின்னும் நகர்த்தி, ஒவ்வோர் அளவும் எத்தனை மி.மீ. தூரம் வரை உங்கள் மென்பொருளுக்குத் தெரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வோர் அளவின் எண்ணிக்கையையும் அந்தத் தூரத்தால் வகுக்க வேண்டும்.

3 மைக்ரானை நேரடியாகவே பார்க்க வேண்டும் என்றால் நுண்ணோக்கி லென்ஸ் போடலாமே என்று தோன்றும். தூரத்திலிருந்தே பார்க்கக்கூடிய 10 மடங்கு லென்ஸ்கள் 1 மைக்ரான் வரை பிரித்துக் காட்டும். ஆனால் அவற்றின் ஃபோகஸ் ஆழம் மொத்தமே 7 மைக்ரான்தான். பெட்டிக்குள் காற்று நொடிக்கு 5 மி.மீ. நகர்ந்தாலே துளி அந்த ஆழத்தை ஒன்றரை மில்லிநொடியில் கடந்துவிடும். ஆயிரம் படம் எடுத்து நாலைந்து நல்ல துளி கிடைத்தால் உண்டு. செய்ய முடியாதது என்று சொல்லவில்லை, நானே செய்திருக்கிறேன். மாணவர் ப்ராஜெக்ட்டின் நாட்களுக்குள் அது அடங்காது.

உங்களிடம் இருப்பதை வைத்தே செய்யக்கூடிய வழி வேறு. துளியின் அகலத்தைப் பார்க்காதீர்கள், அது விழும் வேகத்தைப் பாருங்கள். பன்னிரண்டாம் வகுப்பில் படித்த மில்லிகன் எண்ணெய்த்துளிச் சோதனையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். எலக்ட்ரானின் மின்னூட்டம்தான் நமக்கு மனதில் நிற்கிறது. ஆனால் அந்தக் கணக்குக்குத் துளியின் ஆரம் தேவை, அந்த ஆரத்தை மில்லிகன் அகலத்தைப் பார்த்து அளக்கவில்லை. தொலைநோக்கியில் அவருக்குத் துளி ஒரு நட்சத்திரம்போல் ஒளிப்புள்ளியாகத்தான் தெரிந்தது, உங்கள் படத்தில் தெரிவதுபோலவே. மின்புலத்தை நிறுத்திவிட்டு, இரண்டு கோடுகளுக்கு இடையே அது விழும் நேரத்தை எடுத்து, விழும் வேகத்தையும் ஆரத்தையும் இணைக்கும் ஸ்டோக்ஸ் விதியால் ஆரத்தைக் கண்டுபிடித்தார். லென்ஸ் புள்ளியை எவ்வளவு பரப்பினாலும் புள்ளியின் மையம் எங்கே இருக்கிறது என்பது தெளிவாகத் தெரியும். மையம் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதில் விளிம்பு விளைவால் பிழை வராது.

எண்களைப் பாருங்கள். காற்றில் 10 மைக்ரான் நீர்த்துளி நொடிக்கு 3 மி.மீ. விழும். 5 மைக்ரான் துளி 0.77 மி.மீ., 3 மைக்ரான் துளி 0.28 மி.மீ., 1 மைக்ரான் துளி 0.035 மி.மீ. விட்டத்தின் வர்க்கத்தோடு வேகம் ஏறுவதால் அளவு கொஞ்சம் மாறினாலே வேகம் நன்றாக மாறும். வேகத்தில் 10 சதவீதப் பிழை செய்தாலும் விட்டத்தில் 5 சதவீதம்தான் தவறும். கேமராவை 1 நொடி திறந்து வையுங்கள். 3 மைக்ரான் துளி 72 பிக்சல் நீளக் கோடாக விழும், 5 மைக்ரான் துளி ஏறக்குறைய 200 பிக்சல். 7 பிக்சல் புள்ளியோடு மல்லுக்கட்டியதற்கு இது எவ்வளவோ மேல். உண்மையில் 27 மைக்ரான் துளியாக இருந்திருந்தால் நொடிக்கு 2 செ.மீ.க்கு மேல் விழுந்து, உங்கள் படச் சட்டத்தையே ஒரு நொடிக்குள் கடந்து போயிருக்கும். நீங்கள் எழுதியதில் ஒரு வரி உண்டு, மூடிய பெட்டிக்குள் மிஸ்ட் பல நிமிடங்கள் அப்படியே நின்றது என்று. அந்த ஒரு வரியே 27 மைக்ரான் தவறு என்று சொல்லிவிடுகிறது.

இந்த முறையில் கெடுக்கக்கூடியவை இரண்டு. ஒன்று ஆவியாதல். ஈரப்பதம் 50 சதவீதமுள்ள அறையில் 10 மைக்ரான் நீர்த்துளி கால் நொடிகூடத் தாங்காது, 3 மைக்ரான் துளி அதில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் மறைந்துவிடும். மில்லிகன் குழுவும் முதலில் நீரை வைத்து முயன்று, துளி கரைந்துகொண்டே போனதால்தான் எண்ணெய்க்கு மாறியது. உங்கள் பெட்டியின் உட்சுவர்களில் நனைந்த வடிதாளை ஒட்டி, காற்று ஈரத்தில் ஊறிய பிறகு மிஸ்ட்டை விடுங்கள். இரண்டாவது, பெட்டிக்குள் காற்றின் சொந்த ஓட்டம். ஒரு பக்கச் சுவர் இம்மி சூடாக இருந்தாலே நொடிக்கு ஒரு மி.மீ. ஓட்டம் எழும், அது 3 மைக்ரான் துளியின் வேகத்தைப்போல் மூன்று நான்கு மடங்கு. பெட்டியைச் சிறிதாக்குங்கள், 2 செ.மீ. அகலம் போதும். லேசரைப் படம் எடுக்கும் நேரம் மட்டும் எரிய விடுங்கள். கோடுகளில் சில மேல்நோக்கிப் போனால் காற்று ஓடுகிறது என்று பொருள், அந்தப் படத்தைத் தள்ளிவிடுங்கள். மிஸ்ட்டை விடுவதற்கு முன் காலிப் பெட்டியில் ஊதுபத்திப் புகையைக் கொஞ்சம் விட்டுப் படம் எடுப்பது நல்ல பழக்கம். அந்தப் புகையின் துகள்கள் பெரும்பாலும் அரை மைக்ரானுக்கும் கீழே, அவை தாமாக விழும் வேகம் மிகக் குறைவு. ஆக, புகை எப்படி நகர்கிறதோ அதுதான் காற்றின் ஓட்டம். இன்னொன்று, மிஸ்ட் அடர்த்தியாக இருந்தால் துளிகள் கூட்டமாகக் காற்றையும் இழுத்துக்கொண்டு வேகமாக இறங்கும். தனித்தனிப் புள்ளிகள் தெரியும் அளவுக்கு நீர்த்துவிட்டு எடுங்கள்.

இது பழைய காலத்து முறை என்று உங்கள் வழிகாட்டி சொன்னால், 2020-ல் கொரோனா நேரத்தில் நடந்ததைச் சொல்லுங்கள். அமெரிக்காவின் பெதஸ்டாவில் உள்ள தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வாளர்கள், பேசும்போது வாயிலிருந்து தெறிக்கும் துளிகளைப் பச்சை லேசர் தகட்டொளியில் படம் பிடித்தார்கள், ஐஃபோன் கேமராவைக் கொண்டு. அதன் தொடர்ச்சியான ஆய்வில், மூடிய பெட்டிக்குள் அந்தப் புள்ளிகளின் எண்ணிக்கை எவ்வளவு நேரத்தில் குறைகிறது என்று எண்ணினார்கள். 8 முதல் 14 நிமிடம் என்று வந்தது. அதிலிருந்து காய்ந்த துளி ஏறக்குறைய 4 மைக்ரான், காய்வதற்கு முன் 12 முதல் 21 மைக்ரான் இருந்திருக்கும் என்று கணக்கிட்டார்கள். அந்த அளவு வந்தது புள்ளிகள் எவ்வளவு நேரம் காற்றில் தங்கின என்பதிலிருந்துதான்.

உங்கள் லேசரை வைத்தே இன்னொரு சோதனையும் செய்யலாம், எனக்கு மிகவும் பிடித்தது. லென்ஸை எஃப் 2.8-க்குத் திறந்து, வேண்டுமென்றே ஃபோகஸைக் கலைத்துவிடுங்கள். கேமரா, லேசர் போகும் திசையிலிருந்து 65 பாகை அளவில் சாய்ந்து பார்க்கட்டும். ஒவ்வொரு துளியும் பெரிய வெளிச்ச வட்டமாக விரியும், வட்டத்துக்குள் இணைகோடுகள் தெரியும். துளியின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பிய ஒளியும், துளிக்குள் புகுந்து வளைந்து வந்த ஒளியும் ஒன்றோடொன்று குறுக்கிட்டு உண்டாகும் கோடுகள் அவை. வட்டத்தின் அகலம் நீங்கள் ஃபோகஸை எவ்வளவு கலைத்தீர்கள் என்பதைப் பொறுத்தது, ஆனால் கோடுகளின் எண்ணிக்கை துளியின் விட்டத்தைப் பொறுத்தது. 100 மி.மீ. மேக்ரோ லென்ஸாக இருந்தால், 27 மைக்ரான் துளிக்கு ஏறக்குறைய எட்டுக் கோடுகள் தெரிய வேண்டும், 3 மைக்ரான் துளிக்கு ஒன்று தெரிந்தாலே அதிகம். லேசரை அதன் அச்சில் மெல்லத் திருப்பிக் கோடுகள் மிகத் தெளிவாகத் தெரியும் நிலையில் நிறுத்திக்கொள்ளுங்கள். இந்தச் சோதனை உருண்டையான, ஒளி புகும் துளிக்கு மட்டும்தான். தூசிக்குப் பயன்படாது, அங்கே ஒழுங்கற்ற திட்டுகள்தான் தெரியும். 10 மைக்ரானுக்குக் கீழே உங்கள் லென்ஸில் இதை அளவாக எடுத்துக்கொள்ளாமல், "பெரிதா சிறிதா" என்ற விடையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி பி.எம். 2.5. அது காற்றியக்க விட்டத்தைக் குறிக்கும் எண். ஒரு துகள் எந்த வேகத்தில் விழுகிறதோ அதே வேகத்தில் விழும், நீரின் அடர்த்தியுள்ள உருண்டையின் விட்டம் அது. மூச்சுக்குழாயில் துகள் எங்கே படியும் என்பதைப் பெரிய துகள்களில் இதுதான் தீர்மானிக்கிறது என்பதால் அப்படி வரையறுத்தார்கள். மண்துகள் அடர்த்தி கூடியது, அகலம் குறைவாக இருந்தாலும் வேகமாக விழும். பஞ்சு நார் நீளமாக இருந்தாலும் மெதுவாக இறங்கும். ஆகச் சரியான அகலத்தை அளந்தாலும் அதிலிருந்து பி.எம். 2.5 நேராக வராது, விழும் வேகத்திலிருந்து வரும். ஆனால் அடுத்த தடை பெரியது. இந்தியாவின் 24 மணி நேர வரம்பு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம். அத்தனையும் 2.5 மைக்ரான் நீர்த்துளி என்று வைத்தாலும் ஒரு கன செ.மீ.க்கு ஏழெட்டுத்தான் இருக்கும், 1 மி.மீ. தடிமன் ஒளித்தகட்டில் உங்கள் ஒரு படத்துக்குள் இரண்டு மூன்று. உண்மையில் நகரத்துப் புகைத்துகள்கள் பெரும்பாலும் 1 மைக்ரானுக்கும் கீழே. எண்ணிக்கை பல மடங்கு கூடும், வெளிச்சம் பாதாளத்துக்குப் போகும். மிகச் சிறிய துகள்களில் விட்டம் பாதியானால் சிதறும் ஒளி 64-ல் ஒரு பங்காகிவிடும். அரை மைக்ரானுக்குக் கீழே காற்று மூலக்கூறுகளின் மோதலால் துகள் அங்குமிங்கும் அலைவதே விழுவதைவிடப் பெரிதாகிவிடும், அதனால் வேக முறையும் கைகொடுக்காது. எடை தெரிய வேண்டும் என்றால் வடிதாளில் காற்றை இழுத்து எடை போடுவதுதான் அடிப்படை முறை. கடையில் கிடைக்கும் விலை குறைந்த சென்சார்களில் கேமரா இல்லை. லேசரைக் கடக்கும் துகளின் ஒளித் துடிப்பை ஒரு ஒளி உணரி பிடித்து, எடையை ஊகிக்கிறது. போக்கு ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க நன்றாக உதவும்.

இங்கே உங்கள் இரண்டு கேள்விகளும் ஒரு இடத்தில் சந்திக்கின்றன. ஈரப்பதமூட்டியில் போர் தண்ணீர் ஊற்றினீர்களா? டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 500 உள்ள தண்ணீரின் 3 மைக்ரான் துளி காய்ந்தால் ஏறக்குறைய 0.2 மைக்ரான் உப்புத் துகள் மிஞ்சும். அது துளிபோல் விழுந்துவிடாது, மணிக்கணக்கில் மிதக்கும், நுரையீரலின் ஆழம் வரை போகும். அந்த அறையில் பி.எம். 2.5 சென்சார் திடீரென்று ஏறுவதன் காரணம் பெரும்பாலும் இதுதான். காய்ச்சி வடித்த நீரை ஊற்றினால் இது ஏறக்குறைய நின்றுவிடும். ப்ராஜெக்ட்டைக் கொஞ்சம் விரிக்க விரும்பினால் இதைச் செய்யச் சொல்வேன், வீட்டில் குழந்தை இருப்பவர்களுக்கு நேரடியாகப் பயன்படும் விஷயம்.

அறிக்கை எழுதும்போது "சராசரி" என்று மட்டும் எழுதி விட்டுவிடாதீர்கள். 30 மைக்ரான் துளி ஒன்றில் இருக்கும் நீர், 3 மைக்ரான் துளிகள் ஆயிரத்தில் இருக்கும் நீருக்குச் சமம். எண்ணிக்கையில் சராசரி எடுத்தால் அந்த ஒரு துளி இருந்த சுவடே தெரியாது, கன அளவில் எடுத்தால் அதுவே பாதியைப் பிடித்துக்கொள்ளும். எந்தச் சராசரி, எத்தனை துளிகளிலிருந்து என்று இரண்டையும் எழுதுங்கள். முந்நூறு நானூறு கோடுகளாவது அளக்காமல் பரவலைப் பற்றிப் பேசாதீர்கள். என் அனுபவம் முழுவதும் திரவத் துளிகளில். நார், மாவு, சிமெண்ட் தூசி போன்றவற்றில் வடிவம் புகுந்துவிடும். அங்கே நான் சொன்ன விழும் வேக முறை சமான விட்டத்தைத் தரும், உண்மையான நீள அகலத்தைத் தராது. அவற்றை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் இன்னும் நன்றாகச் சொல்வார்கள்.

கடைசியாக லேசர். மலிவான பச்சை லேசர் பேனாக்கள் பலவற்றில் மேலே ஒட்டியிருக்கும் 5 மில்லிவாட் என்பதைவிட அதிகம் வருகிறது, அதோடு கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரும் கசியும். பளிச்சென்று தெரியாததால் இமை தானாக மூடாது. கற்றை முடியும் இடத்தில் கறுப்பு வெல்வெட் துணியோ கறுப்புத் தாள் மடிப்போ வைத்து அதை விழுங்க விடுங்கள். லேசர் எரியும்போது கேமராவின் கண்ணாடி வழியே கண்ணை வைத்துப் பார்க்காதீர்கள், திரையில் மட்டும் பாருங்கள். எஃப் 11-லும் எஃப் 5.6-லும் ஒரே இடத்தை எடுத்த இரண்டு படங்களையும், ஒரு நொடி திறந்து எடுத்த கோட்டுப் படம் ஒன்றையும் இங்கே போடுங்கள். கோடுகளை அளந்து விட்டமாக மாற்றும் கணக்கை அந்தப் படத்தை வைத்தே போட்டுக் காட்டுகிறேன்.